தொடக்கமும் முதலும்



ஆங்கிலத்தில் 'பிகின்', 'ஸ்டார்ட்', 'கொமென்ஸ்', 'ஒரிஜின்' எனத் தொடக்கத்தைக் குறிக்கும் சொற்கள் பல. ஒரே பொருளுடையன போலத் தோன்றினும் ஒன்று நிற்கும் இடத்தில் மற்றொன்று நில்லாது. படகின் எஞ்சின் 'ஸ்டார்ட்' ஆகுமேயன்றி 'பிகின்' ஆகாது. கூட்டம் 'கொமென்ஸ்' ஆகலாம். குழந்தையின் அழுகை அவ்வாறு ஆவதில்லை. இவ்வேறுபாடுகளை நுணுக்கமாகக் கற்பிக்கும் நாம், தமிழென்று வந்தால் தொடக்கம், ஆரம்பம், துவக்கம், முதல், ஆதி, தோற்றம் யாவும் 'ஒத்த கருத்துச் சொற்கள்' என ஒரே வரியில் எழுதி மனனஞ் செய்விக்கிறோம்.

செட்டிபாளையத்து நேயர் ஒருவர் கடிதம் அனுப்பியிருக்கிறார். அவருடைய மகன் பரீட்சையில் "மழை வருவதற்கு முதல் வீட்டுக்குப் போனோம்" என எழுதினானாம். திருத்தியவர் 'முதல்' என்பதைச் சிவப்பு மையால் வெட்டி, 'முன்' என மேலே எழுதி, ஒரு புள்ளியையும் குறைத்துவிட்டார். இது நியாயமா என்பது தந்தையின் கேள்வி.

ஆகவே 'முதல்' என்பதையே முதலில் எடுப்போம். நிலத்தையும் பொழுதையும் தொல்காப்பியம் முதற்பொருள் என்கிறது. அவை காலத்தால் முந்தியவை என்பது மட்டுமன்று காரணம். மற்றவை நிற்பதற்கு அவையே இடமாகின்றன. மரத்தை முதல் என்றும் கிளையைச் சினை என்றும் இலக்கணம் பிரிப்பதும் இந்நோக்கிலேயே. கடை வைப்பவர் போடும் பணமும் முதல்தான். திருவள்ளுவர் முதற் குறளின் ஏழு சீருக்குள் 'முதல்' என்னும் சொல்லை இருமுறையும் 'ஆதி' என்பதை ஒருமுறையும் வைத்தார். எல்லாம் ஒரே பொருள்தான் என்றால், அத்தனை சிக்கனக்காரர் அப்படிச் செலவு செய்திருப்பாரா?

நம் நாட்டுப் பேச்சில் இச்சொல்லுக்கு இன்னுமொரு வேலை உண்டு. 'சாப்பிடுறதுக்கு முதல்', 'கலியாணத்துக்கு முதல்' என்கிறோம். தமிழ்நாட்டார் இங்கே 'முன்னால்' என்பர். நான்காம் வேற்றுமை உருபு முன்னே வந்தால் ஒரு பொருள், வராவிட்டால் மற்றொரு பொருள். '10ஆந் திகதிக்கு முதல்' என்றால் பத்தாந் திகதி வருமுன்னர். '10ஆந் திகதி முதல்' என்றால் பத்தாந் திகதியிலிருந்து. ஒருமுறை விண்ணப்பம் கோரிய அறிவித்தல் ஒன்றில் இந்தக் 'கு' விடுபட்டுப்போயிற்று. அறிவித்தலை நம்பிப் பன்னிரண்டாந் திகதி பஸ் ஏறிப் போன முதியவர்கள், காலம் கடந்துவிட்டதென்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். முடிவுத் திகதியை அவர்கள் தொடக்கத் திகதியாக வாசித்ததில் அவர்கள் பிழை ஏதும் இல்லை.

இத்தனை நுட்பமாக இயங்கும் ஒரு வழக்கைப் பிழை என்று வெட்டுவது எனக்கு உடன்பாடன்று. கட்டுரையில் 'முன்' என எழுதப் பழக்கலாம். புள்ளி குறைப்பது தகாது.

இனித் 'தொடக்கம்'. தொடு, தொடர், தொடங்கு என்பன ஒரே குடும்பம். பின்னால் ஒன்று தொடர்ந்து வரும் என்ற உறுதி இச்சொல்லுக்குள் இருக்கிறது. 'திங்கள் தொடக்கம் வெள்ளி வரை' என நாம் சொல்வது இதனாலேயே பொருந்துகிறது. தமிழ்நாட்டில் 'திங்கள் முதல்' என்பர். விஜயதசமியன்று பிள்ளைக்கு 'ஏடு தொடக்குகிறோம்'. பிள்ளை தானே தொடங்குவதில்லை. பெரியவர் ஒருவர் கைபிடித்து அரிசியில் எழுதவைத்துத் தொடக்குகிறார். தன்வினை, பிறவினை விளக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 'வித்தியாரம்பம்' என்னும்போது அந்தப் பெரியவரின் கை மறைந்துவிடுகிறது. (பிறப்பு, இறப்பு வீட்டுத் 'துடக்கு'ம் 'தொடக்கு' என்பதன் பேச்சு வடிவமே. அதை இன்னொரு நாள் பேசலாம்.)

'ஆரம்பம்' வடசொல். முயற்சியொன்றில் இறங்குவதை அது காட்டும். இறங்கியவர் கரையேறினாரா என்பது அதன் கவலையன்று. 'ஆரம்ப சூரத்தனம்' என்கிறோம். 'தொடக்க சூரத்தனம்' என யாரும் சொல்வதில்லை.

தமிழ்நாட்டு அழைப்பிதழ்களில் 'துவக்க விழா' சாதாரணம். நமக்கு அது காதில் ஏறாது. இங்கே துவக்கு என்றால் துப்பாக்கி. இரண்டுமே துருக்கிச் சொல்லொன்றின் வழி வந்தவை என்பர். 2009 வரை நீடித்த யுத்தத்துள் வளர்ந்த பிள்ளைகளிடம் 'விழாவைத் துவக்கினார்' என்ற வசனத்தை வாசித்துப் பாருங்கள். வகுப்பில் சிரிப்பு எழும், சில முகங்களில் சிரிப்பு இராது.

நம் பத்திரிகைகளுக்குச் சங்கம் தொடங்கினாற் போதாது, 'அங்குரார்ப்பணம்' ஆகவேண்டும். அங்குரம் என்பது முளை. கோயில் விழாவுக்கு முன் பாலிகைகளில் தானியம் இட்டு முளைக்கவைக்கும் கிரியை அது. அங்குரார்ப்பணமான சங்கங்களில் எத்தனை முளைத்தன என்பதை நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 'கன்னி அமர்வு' ஆங்கிலத்தின் நிழல். 'முதல் அமர்வு' போதும்.

'தோற்றம்' சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியது. டார்வின் 1859இல் வெளியிட்ட நூலை 'உயிரினங்களின் தோற்றம்' என்றால் ஐயமில்லை. ஆனால் 'செட்டிபாளையத்தின் தோற்றம்' எனக் கட்டுரைத் தலைப்புக் கொடுத்தால், பாதிப் பேர் ஊர் உண்டான வரலாற்றை எழுதுவார்கள். மீதிப் பேர் தென்னைகளையும் வாவியையும் வருணிப்பார்கள். இரு சாராருக்கும் புள்ளி கொடுக்கத்தான் வேண்டும்.

எழுதலும் ஒரு தொடக்கமே. வாக்கியம் எழும் இடம் எழுவாய். வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கமாக நாம் வாழும் நிலம் எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுவதையும் படுவதையும் கொண்டு நிலத்துக்குப் பெயர் வைத்தவர்கள் நம்மவர்கள்.

அவர்கள் வழிவந்த நம் பெண்கள், வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு வரும்போது மேற்சொன்ன சொற்களில் எதையும் தேடுவதில்லை. "கதவு திறந்தாச்சா?" என்றே கேட்கிறார்கள். குளிர்த்தி வரையான நாட்கள் அந்தக் கதவிலிருந்தே எண்ணப்படுகின்றன. 'உற்சவ ஆரம்பம்' என எழுதிக்கொண்டு அழைப்பிதழ் திருத்த வருபவர்களிடம், 'கதவு திறத்தல்' என்றே போடுங்கள் என நான் சொல்வதுண்டு.