குடிபெயரும் கணினிகள்

ஒரு குடும்பத்தார் பல்லாண்டு வாழ்ந்த வீட்டை விட்டுப் புதுமனை புகும்போது, பெட்டி பேழைகளை வண்டியில் ஏற்றுதல் எளிய வேலையாகும். எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்குரியது, அயலாரிடம் இரவலாகப் பெற்ற பாத்திரம் எது, எந்தக் கூரை ஓடு மழைக்கு ஒழுகும் என்பனவற்றை அறிந்தவர் ஒருவர் உடன் இருப்பதே அரிதாகும். இக்காலத்து அலுவலகங்களிலுள்ள கணினிகளும் இவ்வாறே இடம்விட்டு இடம் குடிபெயர்கின்றன. மெய்நிகர்க் கணினிகள் எனப்படுபவை தாம் இருந்த பழைய இடத்தினின்றும் தனிமுகில் என்னும் புதிய இடத்துக்கு மாற்றப்படும் முறையை, எமது கல்லூரியின் பழைய மாணவரும் ஆசிரியரும் இன்று கற்கும் மாணவரும் விளங்கிக்கொள்ளத்தக்க வகையில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இத்தொழிலிற் சில காலம் ஈடுபட்டு, பிழை செய்தும் கற்றுக்கொண்டோமாதலின், யாம் பட்டறிந்தவற்றையும் ஈண்டுக் கூறுவாம்.

முதற்கண் மெய்நிகர்க் கணினி என்பது யாதென நோக்குவாம். பெருங் கணினியொன்றின் ஆற்றல் முழுவதையும் ஒரே வேலை எக்காலமும் பயன்படுத்துவதில்லை. ஆதலின் அவ்வொரு கணினியைப் பல கணினிகள் போலத் தோன்றச் செய்து, ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பணிசெயல் முறைமையை இயங்கவிடும் வழி வகுக்கப்பட்டது. இதனைச் செய்யும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். உள்ளே இயங்கும் முறைமை, தனக்கெனச் செயலியும் நினைவகமும் வன்தட்டும் தனியே உள்ளன என்றே கருதும். உண்மையில் அதன் வன்தட்டுப் பெரும்பாலும் வேறொரு தட்டிலுள்ள பெருங்கோப்பேயாகும். இக்கருத்துப் புதியதன்று. ஐபிஎம் நிறுவனத்தார் 1960களின் நடுப்பகுதியிலேயே அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள தம் ஆய்வு நிலையத்தில் இதனைச் செய்து பார்த்து, 1972ஆம் ஆண்டில் விஎம்/370 என்னும் பெயரால் உலகிற்கு அறிவித்தனர். சிறிய கணினிகளுக்குரிய செயலிகளில் இதனைப் பரவச் செய்தது 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வெயர் நிறுவனமாகும். 2007ஆம் ஆண்டில் கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசர் லினக்ஸ் முறைமையின் கருவிலேயே சேர்க்கப்பட்டது. அதனை எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தலாம்.

மெய்நிகர்க் கணினிகள் பல ஓரிடத்தில் இருந்த மாத்திரத்தால் அவ்விடம் முகிலாகிவிடாது. அமெரிக்க நாட்டின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட வரைவிலக்கணம் முகிலுக்கு ஐந்து இயல்புகளைக் கூறுகின்றது. வேண்டுபவர் பிறரை எதிர்பாராது தாமே வளங்களைப் பெறுதல், வலையமைப்பு வழியாக அணுகுதல், வளங்கள் பொதுவிற் பகிரப்படுதல், தேவைக்கேற்ப விரைவாகப் பெருகவும் சுருங்கவும் இயலுதல், பயன்பாடு அளக்கப்படுதல் என்பன அவை. இவையாவும் ஒரே நிறுவனத்தின் பயன் கருதி அமைக்கப்படின் அது தனிமுகில் ஆகும். பழைய முறையில் ஒருவர் கணினி வேண்டுமென்று கடிதம் எழுத, மற்றொருவர் தம் கையால் அதனை அமைத்துக் கொடுப்பார். முகிலிலோ, வேண்டுவது இன்னதென்று மென்பொருளுக்கு உரைத்தால் அது சில நிமிடங்களில் அமைத்துத் தரும். இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்வார்களாக. பின்வரும் இடர்கள் பலவும் இதனின்றே தோன்றுகின்றன.

தனிமுகிலை அமைக்கும் மென்பொருள்களுள் ஓப்பன்ஸ்டாக் என்பது நன்கறியப்பட்டது. நாசா நிலையமும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இதனைத் தொடங்கின. இதன் வேலைகள் துறை துறையாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நோவா என்னும் பகுதி கணினிகளை இயக்கும். கிளான்ஸ் அவற்றின் மூலப்படிமங்களைக் காக்கும். சிண்டர் தட்டுகளை வழங்கும். நியூட்ரன் வலையமைப்பை நெறிப்படுத்தும். கீஸ்டோன் வருவோர் யாரென வினவி உரிமையறிந்து உள்ளே விடும். புதிதாக வரும் கணினி இத்துறைகளின் ஒழுங்குக்கு அமைந்தே குடியேறுதல் வேண்டும்.

இனி, உள்ள இடத்தில் அமைதியாக இயங்குவதை ஏன் பெயர்க்க வேண்டும் என வினவலாம். பழைய இயந்திரங்கள் தேய்தலும், புதியவற்றை விரைவில் அமைக்க வேண்டியிருத்தலும் நெடுநாளைய காரணங்கள். அண்மையில் மற்றொன்றும் சேர்ந்துகொண்டது. 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விஎம்வெயர் நிறுவனத்தை பிராட்கொம் நிறுவனம் தனதாக்கிக்கொண்டது. அடுத்த மாதமே, ஒருமுறை விலை கொடுத்து என்றும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனையை நிறுத்தி, காலத்துக்குக் காலம் சந்தா செலுத்தும் முறையை அது அறிவித்தது. சொந்த வீடென்றிருந்தவர்கள் வாடகைக் குடிகளாயினர் எனலாம். அதன்பின் வேறிடம் தேடத் தொடங்கிய நிறுவனங்கள் பல.

குடிபெயர்தல் பற்றிக் கற்க விரும்புவோர்க்குச் செர்ண் நிலையம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும். ஜெனீவா நகருக்கு அண்மையிலுள்ள இவ்வைரோப்பியத் துகளியல் ஆய்வுகூடம் 2013ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஓப்பன்ஸ்டாக் தனிமுகிலை முறைப்படி பயன்பாட்டிற்குக் கொண்டுவந்தது. அதற்கு முன் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் ஹைப்பர்-வி மீது இயங்கிய சேவையொன்று அங்கே இருந்தது. புதியது வந்தவுடன் பழையதை ஒரே நாளில் மூடிவிடாது, இரண்டையும் சில காலம் அருகருகே இயங்கவிட்டே மாற்றத்தைச் செய்தனர். அங்குள்ளோர் எங்கும் பரவச் செய்த உவமையொன்றும் உண்டு. பழைய கணினி, பெயரிட்டு வளர்க்கும் வீட்டு விலங்கு போன்றது. நோயுற்றால் இரவெல்லாம் கண்விழித்துக் காப்பர். முகிலிலுள்ள கணினி மந்தையில் ஒன்று போன்றது. அதற்குப் பெயரில்லை, இலக்கமே உண்டு. ஒன்று வீழ்ந்தால் மற்றொன்றை அவ்விடத்தில் நிறுத்துவர். எமது முற்றத்துப் பசுவை லட்சுமி என்றழைத்துப் பழகிய எமக்கு இவ்வுவமை நன்கு விளங்கும். லட்சுமியை மந்தையிற் சேர்ப்பது எளிதன்று என்பதும் விளங்கும்.

ஆதலின் முதற் பணி கணக்கெடுத்தலேயாகும். ஒவ்வொரு கணினிக்கும் எத்துணை நினைவகம், எத்தனை தட்டுகள், எப்பணிசெயல் முறைமை, எவர் பயன்படுத்துகின்றனர், எக்கணினிகளோடு அது பேசுகின்றது என்பனவற்றை எழுத வேண்டும். எழுதியபின் அவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். எவருக்கும் பயன்படாதவற்றை நிறுத்திவிடலாம். அமைக்கும் முறை தெளிவாக எழுதப்பட்டுள்ளவற்றைப் புதிய இடத்திலே புதிதாக அமைத்து, தரவை மாத்திரம் கொண்டு சேர்க்கலாம். இதுவே மேலான வழி. அமைத்த முறையை எவரும் அறியாதவற்றையே உள்ளபடி பெயர்க்க வேண்டும். விந்தை யாதெனின், நிறுவனத்தின் உயிர்நாடியான கணினிகள் பெரும்பாலும் இம்மூன்றாம் வகையிலேயே காணப்படுகின்றன.

பெயர்க்குமுன் தரவின் பிரதியொன்றை வேறிடத்தில் வைத்து, அதிலிருந்து மீளப்பெற இயலுமா என்பதையும் செய்து பார்த்தல் வேண்டும். முகிலுக்குப் போய்விட்டால் தரவு தானே காக்கப்படும் என்னும் எண்ணம் பலரிடம் உண்டு. அது தவறு. 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரச முகில், கப்பம் கோரும் தீநிரலொன்றின் தாக்குதலுக்குள்ளானது. தொடர்பிலிருந்த பிரதிகளும் பாதிக்கப்பட்டமையால், அவ்வாண்டு மே மாத நடுப்பகுதி தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் மீளப்பெற இயலாது போயின. தொடர்பறுத்து வைக்கப்பட்ட பிரதியே ஆபத்தில் உதவும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

அடுத்தது தட்டுக் கோப்பின் வடிவத்தை மாற்றுதல். விஎம்வெயர் பயன்படுத்தும் விஎம்டிகே வடிவத்தைக் கேவிஎம் விரும்பும் கியூகவ்2 வடிவமாகவோ, வெறும் பச்சை வடிவமாகவோ மாற்றுவதற்குக் கியூஎமு என்னும் மென்பொருளோடு வரும் கருவி உண்டு. மாற்றுமுன் பழைய இடத்தில் எடுத்து வைத்த இடைநிலைப் பதிவுகளை ஒன்றுசேர்த்துவிட வேண்டும். அன்றேல் பழைய நிலையே பெயர்ந்து வரும். எனினும் கோப்பு மாறிய மாத்திரத்தால் கணினி எழுந்துவிடாது. பழைய இடத்தில் ஒருவகைக் கட்டுப்படுத்தியின் மூலம் தென்பட்ட தட்டு, புதிய இடத்தில் பெரும்பாலும் வேர்ட்டியோ எனும் வேறு வகையால் தென்படும். லினக்ஸ் முறைமை இவ்வகையைப் பொதுவாக அறியும். விண்டோஸ் முறைமையோ, அதற்குரிய செலுத்தி மென்பொருளை முன்னரே இட்டு வைத்தாலன்றித் தன் தட்டையே காணமாட்டாது நீலத்திரையோடு நின்றுவிடும். விர்ட்-வி2வி என்னும் கருவி வடிவத்தையும் மாற்றி இச்செலுத்தியையும் சேர்த்துவிடும் ஆற்றலுடையது.

காலத்தையும் கணக்கிடல் வேண்டும். இரண்டு டெராபைட் தரவை விநாடிக்கு ஒரு கிகாபிட் செல்லும் வலையமைப்பில் அனுப்புவோமாயின், விநாடிக்கு 125 மெகாபைட் மேனி 16,000 விநாடிகள், அதாவது ஏறக்குறைய நாலரை மணி நேரம் செல்லும். இஃது எத்தடையும் இல்லாதவிடத்துக் கணக்கு. உண்மையில் இன்னும் கூடும். ஆதலின் கணினி இயங்கிக்கொண்டிருக்கும்போதே பெரும்பகுதியை அனுப்பிவிட்டு, இறுதியில் நிறுத்தி, இடையில் மாறியவற்றை மாத்திரம் அனுப்புவது வழக்கம்.

வலையமைப்பிலும் இடர் உண்டு. பழைய இடத்தில் எவரும் வினவாது கடந்துசென்ற வாயில்களை முகிலின் பாதுகாப்புக் குழு அடைத்து வைத்திருக்கும். வெளியிலிருந்து வருவதை, அனுமதி எழுதப்பட்டாலன்றி உள்ளே விடாது. கணினி நன்றாக எழுந்தும் எவராலும் அணுக முடியாதிருக்குமாயின் முதலில் இதனையே நோக்குக. வலையமைப்பு அட்டையின் இலக்கத்தோடு பிணைக்கப்பட்ட உரிமங்களும் இடம் மாறியவுடன் செல்லாதனவாகலாம்.

ஈண்டு எமது பிழையொன்றை மறையாது கூறுதல் கடனாகும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பெயர்க்கும் பணியில் ஈடுபட்டிருந்தோம். அவற்றுள் பணம் பெற்றுப் பற்றுச்சீட்டு வழங்கும் பழைய கணினியொன்றிருந்தது. அதனை அமைத்தவர் இளைப்பாறிவிட்டார். சனிக்கிழமை இரவு பெயர்த்தோம், ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம், திங்கட்கிழமை வழமைபோல் வேலை நடந்தது. பழைய கணினியை நிறுத்தி வைத்தோமேயன்றி, அதன் வலையமைப்புத் தொடர்பை நீக்கினோமல்லோம். மூன்று கிழமைகளின் பின் ஒருநாட் காலை மின்சாரம் தடைப்பட்டு மீண்டது. மீண்டதும் பழைய கணினி தானாகவே எழுந்து, அதே முகவரியைத் தனதென்று கொண்டாடத் தொடங்கிற்று. மேசைகளுட் சில புதியதோடும், சில பழையதோடும் தொடர்பு கொண்டன. நண்பகலளவில் எழுதுவினைஞர் ஒருவர் வந்து, தாம் வழங்கும் சீட்டுகளின் இலக்கம் பின்னோக்கிச் செல்கின்றதே என்றார். மூன்று கிழமைக்கு முன் வழங்கப்பட்ட இலக்கங்களே வேறு மனிதரின் பெயரில், வேறு தொகைகளுக்கு மீண்டும் வழங்கப்பட்டிருந்தன.

அவ்வெழுதுவினைஞர் நெடுநாட் பழக்கத்தால் ஒவ்வொரு தொகையையும் ஒரு கொப்பியில் தம் கைப்படக் குறித்து வைத்திருந்தார். பயனற்ற பழக்கமென்று இளையோர் நகையாடியது அது. அக்கொப்பியையும் சீட்டுகளின் பிரதிகளையும் கொண்டு இரண்டு இரவுகள் ஒப்புநோக்கிக் கணக்கை நேராக்கினோம். பின்னர் இளைப்பாறிய அப்பெரியவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, மின்சாரம் மீண்டால் கணினி தானே எழும்படி கட்டளையிட்டவர் தாமே என்று ஒரு கணமும் தாமதியாது கூறினார். முன்னரே கேட்டிருப்பின் முன்னரே கூறியிருப்பார். யாம் கேட்கவில்லை. கணினியின் நினைவகத்தை அளந்த யாம், அதனைக் காத்தவரின் நினைவை அளவாது விட்டோம்.

அன்று தொட்டு யாம் கைக்கொள்ளும் நெறிகள் சில. பழைய கணினியை நிறுத்தியவுடன் அதன் வலையமைப்புத் தொடர்பை அறுத்து, தானே எழும் கட்டளையையும் நீக்குவோம். ஆயினும் புதியது நிலைபெற்றதென உறுதியாகும் வரை அழியோம். மாற்றுமுன் மீளும் வழியையும், எந்நேரம் வரை மீளலாம் என்பதையும் எழுதி வைப்போம். ஏனெனின் புதிய இடத்தில் ஒரு நாட் பதிவு சேர்ந்துவிட்டாற் பழைய இடத்துக்குத் திரும்புதல் எளிதன்று. மாற்றத்தின் முன் அக்கணினியை அன்றாடம் பயன்படுத்துவோரையும், அதனை அமைத்தவரையும் நேரிற் கண்டு வினவி, அவர் கூறுவதை எழுதிக்கொள்வோம்.

இத்துறையிற் புகவிருக்கும் மாணவர்க்கு யாம் கூற விரும்புவது இதுவே. கருவிகளை ஒரு மாதத்திற் கற்கலாம்; அவை மாறிக்கொண்டுமிருக்கும். நீங்கள் அமைக்கும் எதனையும், ஏன் அவ்வாறு அமைத்தீர்கள் என்னும் காரணத்தோடு எழுதி வையுங்கள். நீங்கள் பொறுப்பேற்கும் எதனையும், முன்னர்க் காத்தவரைத் தேடிச் சென்று கேளுங்கள். பழைய மாணவர்களாகிய எம்மவருள்ளும் இளைப்பாறிய பொறியியலாளரும் கணக்காளரும் எழுதுவினைஞரும் பலர் உளர். அவர்கள் அறிந்தவை எக்கோப்பிலும் பதியப்பட்டிரா. அவர்களைத் தொலைபேசியில் அழைக்க ஐந்து நிமிடமே செல்லும். எமக்கு அவ்வைந்து நிமிடத்தின் விலை இரண்டு இரவுகளாயிற்று.