பாசியைப் பட்டினி போடலாமா?

கண்ணாடித் தொட்டியில் நீர்ச்செடி வளர்த்து வண்ணமீன் கடைகளுக்கு விற்பது சிறு முதலீட்டில் நடத்தக்கூடிய உபதொழில்களுள் ஒன்றாகும். சென்னையில் கொளத்தூர் இத்தொழிலால் பெயர் பெற்றது. தூத்துக்குடியிலோ 1977 முதல் மீன்வளக் கல்லூரியே இருந்து வருகிறது. எனினும், கடன் பெற்றுத் தொட்டி அமைக்கும் உறுப்பினரை முதலில் சோர்வடையச் செய்வது பாசிதான். இலைமீது பச்சை நூலாகவோ கரும்புள்ளியாகவோ பாசி படர்ந்த செடியை எந்த வியாபாரியும் கையில் எடுப்பதில்லை. தவணையோ நாள் தவறாமல் வந்து நிற்கிறது.

உரம் இட்டதால்தான் பாசி வந்தது, ஆகவே உரத்தை நிறுத்திப் பாசியைப் பட்டினி போடவேண்டும் என்பது பலருடைய அபிப்பிராயம். இதில் பாதி உண்மை உண்டு. நம் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் 1973-ல் முத்துச்சிப்பியில் செயற்கை முறையில் முத்து விளைவித்தனர். 1981-ல் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தனர். அக்குஞ்சுகளுக்கு உணவு ஐசோகிரைசிஸ் என்னும் நுண்பாசி. அதனை நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கொடுத்தே வளர்க்கின்றனர். உரம் பாசியை வளர்க்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுவதில்லை. ஆனால் அந்தக் குடுவையில் பாசியோடு போட்டியிட ஒரு செடிகூட இல்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். செடி அடர்ந்த தொட்டியின் கதை வேறு.

ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் 1840-ல் வெளியிட்ட நூலால் பரவிய கொள்கை ஒன்று உண்டு. பயிரின் வளர்ச்சியை நிர்ணயிப்பது மிகுதியாக உள்ள சத்தன்று. மிகக் குறைவாக உள்ள சத்தே. நெசவாளருக்கு இது புதிதன்று. பாவு தீர்ந்த தறியில் ஊடைத் தார் கூடை கூடையாக இருந்தாலும் ஒரு முழம் துணி இறங்குமா? தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு, கரியமில வாயு ஆகியவற்றுள் ஒன்று தீர்ந்தாலும் செடி நின்றுவிடுகிறது. எஞ்சிய சத்துகளும் வெளிச்சமும் சீந்துவாரின்றிக் கிடக்கின்றன. மிகச் சொற்பத்தில் பிழைக்கவல்ல பாசி அந்த வேளையில் புகுந்துவிடுகிறது.

1996-ல் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்னும் இருவர் இத்துறையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மற்றச் சத்துகளை யெல்லாம் தாராளமாகக் கொடுத்து மணிச்சத்தை மட்டும் குறைவாக வைத்தால், செடி அதனைக் கவர்ந்துகொண்டு பாசியை ஒடுக்கும் என்பது அவர்கள் முடிவு. பின்னர் அமெரிக்கரான டாம் பார் என்பவர், மணிச்சத்தையும் தாராளமாகவே கொடுத்து, வாரந்தோறும் பாதி நீரை மாற்றி, பாசியின்றிச் செடி வளர்க்கும் முறையைப் பரப்பினார். செடி எதற்கும் ஏங்காமல் இருக்கவேண்டும் என்பதில் இரு சாராரும் ஒன்றுபடுகின்றனர். விற்பனைக்கு வளர்ப்போருக்குப் பின்னவர் முறையே ஏற்றது என்பது என் கருத்து. சத்தை அளந்தறியும் சோதனைச் சாமான்களின் செலவு மிச்சமாகும்.

உரத்துக்கு வெளியூர்ப் புட்டிகளை நாடவேண்டியதில்லை. சொட்டுநீர்ப் பாசனம் செய்யும் வாழைத் தோட்டக்காரர் அறிந்த 13:0:45 என்னும் பொட்டாசியம் நைட்ரேட்டும், 0:52:34 என்னும் பொட்டாசியம் பாஸ்பேட்டும் போதும். 100 லிட்டர் நீரில் 1 கிராம் நைட்ரேட் உப்பைக் கரைத்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 6 மில்லிகிராம் நைட்ரேட்டும் 4 மில்லிகிராம் பொட்டாசியமும் சேரும். பாஸ்பேட் உப்பு அதில் பத்தில் ஒரு பங்கே தேவை. இவ்வளவை வாரம் இரண்டு அல்லது மூன்று முறை இடலாம். நம் கரையோரக் கிணற்று நீர் பெரும்பாலும் உவர்ப்பும் கடினமும் உடையது. தாமிரவருணிக் குழாய் நீரே மேல். காரம் மிகுந்த நீரில் அன்னபேதி துருவாகப் படிந்துவிடும். ஆதலால் செலேட் செய்த இரும்பையே வாங்கவேண்டும்.

யூரியாவை மட்டும் தொட்டியருகே கொண்டுவரலாகாது. நம்மூர் ஆலையில் விளைவது, மலிவாகக் கிடைப்பது என்பதெல்லாம் வயலுக்குச் சரி. தொட்டியில் அது அம்மோனியாவாக மாறும். கார நீரில் அம்மோனியா மீனுக்கு நஞ்சு.

வெளிச்சத்தையும் அளவோடு கொடுக்கவேண்டும். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கு போதுமானது. நம் வெயில் நேரே விழும் தாழ்வாரத்தில் தொட்டியை வைத்தால், கரியமில வாயு அதற்கு ஈடு கொடுக்காது.

மயில்துத்தம் இட்டுப் பாசியைக் கொல்வாரும் உளர். அதனால் இறாலும் நத்தையும் மடியும், செடியும் வாடும். மடிந்த பாசி அழுகும்போது நீரின் பிராணவாயு குன்றும். மன்னார் வளைகுடாவில் 2008-லும் 2019-லும் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகி, பிராணவாயு குறைந்து, மீன்களும் பவளங்களும் மாண்டன. அவ்வளவு பெரிய கடலுக்கே அந்தக் கதி என்றால் இரண்டடித் தொட்டி எம்மாத்திரம்!

ஏற்கெனவே பாசி பிடித்த தொட்டியாயின், கையால் இயன்றவரை அகற்றி, பாதி நீரை மாற்றி, ஹைட்ரில்லா போன்ற விரைந்து வளரும் செடிகளை நெருக்கமாக நட்டு, அதன்பின் உரத்தைத் தொடங்கவேண்டும். பாசி ஏறிய பழைய இலை மீண்டும் தெளிவதில்லை. அதனைக் கத்தரித்துவிட்டு, புதுத் தளிர் சுத்தமாக வந்த பின்னரே செடியைச் சந்தைக்கு அனுப்பலாம்.