நோட்ல வருது, பிரவுசர்ல வரலையே... ஒரே கோடு ரெண்டு விதமா நடப்பது ஏன்?

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. குறுவைக்கு நாற்று விடலாமா என்று அணை நீர்மட்டத்தையே பார்த்திருப்பார்கள் திருவிடைமருதூர் விவசாயிகள். அதை போனில் காட்ட ஒரு வெப் பேஜை ஊர் மாணவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் நோட்.ஜேஎஸ்ஸில் ஓட்டினால் தகவல் வருகிறது. அப்பாவின் போன் பிரவுசரில் திறந்தால் வெறும் பக்கம்தான். கோடு ஒண்ணுதானே, என்ன ஆச்சு?

ஃபெட்ச் என்றால் என்ன?

சர்வரிடம் தகவல் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை. பிரவுசர்களில் 2015-ல் வரத் தொடங்கியது. நோடில், 2022 ஏப்ரலில் வெளியான 18-ம் பதிப்பிலிருந்து தனியாக எதையும் சேர்க்காமலே கிடைக்கிறது. டெனோ, பன் ஆகியவற்றிலும் உண்டு.

பிரவுசர் ஏன் தடுக்கிறது?

நீங்கள் லாகின் செய்திருக்கும் தளத்தின் தகவலை வேறொரு தளம் படித்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். தகவல் தரும் சர்வர், 'இந்தத் தளம் படிக்கலாம்' என்று சொன்னால்தான் பிரவுசர் விடும். இந்த அனுமதி முறைக்குப் பெயர் கோர்ஸ். நோடில் இந்தக் காவல் கிடையாது.

என்ன செய்யலாம்?

பக்கம் இருக்கும் அதே சர்வரில் நோட் தகவலை வாங்கி வைக்கட்டும். பக்கம் அதனிடம் கேட்டுக்கொள்ளட்டும். தகவல் எடுத்த நேரத்தையும் சேர்த்துக் காட்டணும். பழைய நீர்மட்டத்தை நம்பி நாற்று விட்டால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.