இனிப்பைத் தொடவே இல்லை... சுகர் ஏன் ஏறியது?

மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வரும் நாள். சர்க்கரை நோயாளியான அப்பா வழக்கம்போல மூன்று இட்லி சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து குளுக்கோமீட்டரில் பார்த்தால், சுகர் என்றைக்கும் இல்லாத அளவுக்கு ஏறியிருக்கிறது. ''எங்களுக்குத் தெரியாம எதையோ சாப்பிட்டிருக்கீங்க!'' என்று ஆளாளுக்கு அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

பல வீடுகளில் நடப்பதுதான் இது. ஆனால், இனிப்பு எதையும் தொடாமலேயே சுகர் ஏறலாம். அந்தச் சர்க்கரை வருவது அவருடைய கல்லீரலில் இருந்து!

உணவில் கிடைக்கும் குளுக்கோஸில் ஒரு பகுதியை, கிளைக்கோஜனாக மாற்றி கல்லீரல் சேமித்து வைக்கிறது. மூளை ஆபத்தை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குத் தகவல் போகிறது. முதலில் சுரப்பது அட்ரினலின். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், கல்லீரலின் சேமிப்பு குளுக்கோஸாக ரத்தத்தில் கலக்கும். சில நிமிடங்களில் கார்டிசால் கூடும். இது புதிதாகவும் குளுக்கோஸ் தயாரிக்கச் சொல்லும். இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும்.

நாய் துரத்தினால் ஓடுவோம். அந்தச் சர்க்கரை தசைகளில் செலவாகிவிடும். கடன் தவணையையோ, ரிசல்ட்டையோ நினைத்து உட்கார்ந்த இடத்திலேயே தவித்தால்? சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். ஆரோக்கியமானவருக்குக் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளிக்கும். சர்க்கரை நோயாளிக்கு அது முடிவதில்லை.

கார்டிசால் நமக்கு எதிரி அல்ல. கண்விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்தில் அது உச்சத்துக்குப் போய், நம்மைச் சுறுசுறுப்பாக்குகிறது. நள்ளிரவை ஒட்டி வெகுவாகக் குறைகிறது. தினமும் கவலை, தினமும் அரைத் தூக்கம் என்றால்தான் இந்தத் தாளம் தப்புகிறது. பசி கூடும், இனிப்பைத் தேடும், வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்.

படபடப்பு எல்லாமே டென்ஷனா?

இல்லை. சுகர் மிகவும் இறங்கினாலும் இதே அட்ரினலின்தான் சுரக்கும். இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குக் கை நடுங்கி வியர்த்தால், 'டென்ஷன்தான்' என்று விட்டுவிடாதீர்கள். உடனே பரிசோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

என்ன செய்யலாம்?

* டென்ஷனான நேரத்தில் பத்து நிமிடம் நடங்கள். ரத்தத்தில் கலந்த குளுக்கோஸைத் தசைகள் எடுத்துக்கொள்ளும்.

* சுகர் அளவுக்குப் பக்கத்தில், அன்றைய தூக்கத்தையும் கவலையையும் ஒரு வரி எழுதுங்கள். டாக்டருக்கு அது உதவும்.

* ஒருநாள் அளவை மட்டும் பார்த்து, நீங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். கடந்த இரண்டு, மூன்று மாத நிலவரத்தை ஹெச்பிஏ1சி பரிசோதனை சொல்லிவிடும். இரண்டு, மூன்று நாள்கள் இறங்காமலே இருந்தால் டாக்டரைப் பாருங்கள்.

அடுத்த முறை அப்பாவுக்கு சுகர் ஏறினால், ''என்ன சாப்பிட்டீங்க?'' என்பதோடு நிறுத்தாதீர்கள். ''மனசுல என்னப்பா கவலை?'' என்றும் கேளுங்கள். பதில் அதில்கூட இருக்கலாம்.