மேல் கட்டில் யாருக்கு?

அடுக்குக் கட்டில் பார்த்திருக்கிறீர்களா? கீழே ஒரு கட்டில், அதற்கு மேலே இன்னொரு கட்டில். வீட்டில் நாம் ‘பங்க் பெட்’ என்றுதான் சொல்வோம். எல்லாருக்கும் மேல் கட்டில்தான் வேண்டும்!

“அம்மா, நானும் அக்கா மாதிரி மேல படுக்கட்டுமா?” என்று தம்பி கேட்டான். அவனுக்கு 5 வயது.

அமெரிக்காவில் விற்கும் அடுக்குக் கட்டிலில் ஓர் எச்சரிக்கை ஒட்டியிருக்கும்: 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை மேலே படுக்க வைக்கக் கூடாது. ஏன்? சின்னப் பிள்ளைகள் தூக்கத்தில் நன்றாக உருளுவார்கள். பாதித் தூக்கத்தில் எழுந்தால், மேலே இருப்பதே மறந்துபோகும்.

6 வயது ஆனால் மட்டும் போதுமா? போதாது. ராத்திரி பாத்ரூம் போக ஏணியில் தனியாக இறங்கத் தெரிய வேண்டும். ஏணியைப் பார்த்தபடி, ஒவ்வொரு படியாக இறங்க வேண்டும். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

மெத்தையையும் பாருங்கள். பக்கத்துத் தடுப்பு, மெத்தைக்கு மேலே 5 அங்குலமாவது இருக்க வேண்டும். மெத்தை தடிமனாக இருந்தால் தடுப்பு குட்டையாகிவிடும்.

“அக்காவும் 6 வயசு வரைக்கும் கீழதான் படுத்தா. உனக்கும் 6 ஆகட்டும், ஏணியில ஏறி இறங்கிப் பாக்கலாம்” என்றார் அம்மா.

“சரி. ஆனா அக்கா இறங்கும்போது என்னை மிதிக்கக் கூடாது!”