ஒரு ஷட்டர்... நாலு கலர்!

தாம்பரம் தாண்டினதும் அடுத்த ஸ்டேஷன் பெருங்களத்தூர். காலேஜ் பஸ்ஸைக் கோட்டைவிட்ட நாட்கள்ல லோக்கல் ட்ரெயின்ல வந்து இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டை உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுத் தாண்டியிருப்பீங்க. அப்போ உள்ளே திரும்புற தெருவுல ஒரு குட்டி செல்போன் கடை கண்ணுல பட்டிருக்கா? கடையை விடுங்க பாஸ்... அந்த ஷட்டரைப் பார்த்திருக்கீங்களா?

ஒருநாள் காலை ஏழு மணிக்கே போனதால நான் பார்த்தேன். மேலே வெளுத்துப்போன சிவப்பும் மஞ்சளும். அது உரிஞ்ச இடத்துல பளிச் சிவப்பு. அதுக்கும் அடியில பிங்க். ஓரத்துல, துருவோட துருவா கொஞ்சூண்டு ஆரஞ்சு. ஒரே ஷட்டர், நாலு கலர்! இன்ஜினீயரிங் மூளை சும்மா இருக்குமா? சுரண்ட ஆரம்பிச்சேன்.

''தம்பி, பெயின்ட்டை உரிக்காதே!''ன்னு பின்னாடி ஒரு குரல். கடைக்கார அண்ணன்! மாட்டிக்கிட்டாச்சு. ஆனா, கையில டீயைக் கொடுத்துக் கதையும் சொன்னார்.

அடியில இருக்கிற ஆரஞ்சு, ஹட்ச். 2002-ல சென்னைக்கு வந்த கம்பெனி. 2003-ல ஒரு குட்டிப் பையன் பின்னாடியே ஒரு பக் நாய் ஓடுமே, அந்த விளம்பரம் இவங்களோடதுதான். நாங்க எல்லாம் பிறக்கிறதுக்கு முன்னாடி நடந்தது. ஆனா, இன்னைக்கும் அந்த நாயை எங்க வீட்டுல 'ஹட்ச் நாய்'னுதான் சொல்றாங்க. கம்பெனி போனாலும் பேரு நாய்க்கு மிச்சம்! 2006 வாக்குல ஆரஞ்சு போய் பிங்க் வந்தது.

அடுத்த வருஷமே பெரிய திருப்பம். பிரிட்டனோட வோடஃபோன், சுமார் 1,100 கோடி டாலர் கொடுத்து ஹட்ச் கம்பெனியின் பெரும்பங்கை வாங்கிருச்சு. 2007 செப்டம்பர்ல ஊரெல்லாம் ராத்திரியோட ராத்திரியா சிவப்பு! பிங்க் கலர் கூண்டுல இருந்து வெளியே போன அதே பக் நாய், சுத்திட்டு வந்து பார்த்தா கூண்டு சிவப்பா மாறியிருக்கும். ஓனர் மாறிட்டாங்கங்கிறதைச் சொன்ன விளம்பரம். அந்தச் சிவப்பு வட்டத்துக்குள்ள இருக்கிற கொக்கி என்னன்னு யோசிச்சிருக்கீங்களா? யாராவது பேசுறதை எழுதும்போது நாம போடுற மேற்கோள் குறி அது. பேச்சை விக்கிற கம்பெனிக்குப் பொருத்தமான அடையாளம்தானே!

மேல் பூச்சு, வீ. 2018 ஆகஸ்ட்ல வோடஃபோனும் ஐடியாவும் இணைஞ்சாங்க. இந்த ஐடியாவுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. பிர்லா, டாடா, ஏ.டி அண்டு டி மூணு பேரும் சேர்ந்து நடத்தினப்போ, மூணு பேரையும் ஒட்டி 'படாடா'ன்னு கிண்டல் பண்ணுவாங்களாம். மராத்தியில உருளைக்கிழங்கு! 2002-ல ஐடியான்னு பேர் வெச்சுத் தப்பிச்சாங்க. இணைஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு, 2020 செப்டம்பர் 7-ம் தேதி, ரெண்டு பேரோட முதல் எழுத்தையும் சேர்த்து 'வீ'. வோடஃபோன் சிவப்பு, ஐடியா மஞ்சள். இங்கிலீஷ்ல அந்த உச்சரிப்புக்கு 'நாம்'னு அர்த்தம். கல்யாணப் பத்திரிகை மாதிரி ரெண்டு வீட்டையும் விட்டுக்கொடுக்காத லோகோ!

அப்போ ஓனர் மாறினாத்தான் லோகோ மாறுமா? இல்லை. ஏர்டெல் 2010-ல ஆப்பிரிக்காவுல ஜெயின் கம்பெனியின் 15 நாட்டு செல்போன் சேவையை வாங்கினாங்க. இத்தனை நாட்டுக்கும் ஒரே முகம் வேணும்னு, அதே வருஷம் நவம்பர்ல புது லோகோ. எல்லாமே சின்ன எழுத்துக்கு மாறிச்சு. நம்ம ஏ.ஆர்.ரஹ்மான் ட்யூன்கூட புதுசாச்சு. 2000-ல பிறந்த பி.எஸ்.என்.எல்-லும் 2024 அக்டோபர்ல காவி வட்டத்துக்குள்ள இந்திய வரைபடம் வெச்சு முகத்தை மாத்திக்கிச்சு.

மறைஞ்சே போன லோகோவும் உண்டு. 1999-ல தமிழ்நாட்டுல ஆரம்பிச்ச ஏர்செல், சூப்பர் கிங்ஸ் மஞ்சள் ஜெர்சியில நெஞ்சு நிமிர்த்தி நின்ன பேரு. 2018 பிப்ரவரியில திவால் மனு போட்டப்போ, நம்பரைக் காப்பாத்த வேற நெட்வொர்க்குக்கு மாற ஊரே அலைஞ்சது. ''அன்னைக்கு வரிசை தெருமுனை வரைக்கும் நின்னுச்சு தம்பி''ன்னார் அண்ணன்.

அதுக்கப்புறம் அவர் சொன்னதுதான் எனக்கு ராத்திரி வரைக்கும் மண்டையில ஓடிச்சு. ''இப்ப யாரும் ரீசார்ஜ் பண்ண வர்றதில்லை. எல்லாம் போன்லயே முடிஞ்சிடுது. டிஸ்ப்ளே மாத்துறது, சார்ஜிங் பின் மாத்துறதுன்னு சர்வீஸ்லதான் பொழைப்பு ஓடுது. இருபது வருஷமா இந்த ஷட்டர் என்னோடது. ஆனா, ஒரு தடவைகூட என் கடைப் பேரு இதுல வந்ததில்லை. கம்பெனிக்காரங்களே வந்து ஃப்ரீயா அடிச்சுக் கொடுப்பாங்க, நானும் விட்டுட்டேன். இந்தத் தடவை என் காசுல, என் பேரை அடிக்கப்போறேன். கம்ப்யூட்டர்ல வரைஞ்சு தர்றியா?''

விடுவேனா? ராத்திரியெல்லாம் உட்கார்ந்து போட்டோஷாப்ல பின்னியெடுத்தேன். ஆறு கலர், ஷேடு, நிழல், த்ரீ டி எஃபெக்ட்! மறுநாள் போர்டு எழுதுற பெரியவர் அரை நிமிஷம் பார்த்தார். ''ஷட்டர் மடிப்புல இந்த ஷேடெல்லாம் நிக்காது தம்பி. ஒவ்வொரு கலருக்கும் காசு வேற. ஓடுற பஸ்ல இருந்து பார்த்தா படிக்க முடியுமா? ஒத்தை கலர்ல நின்னாத்தான் அது லோகோ!''

நாலு செமஸ்டர்ல யாரும் சொல்லித்தராத பாடம். யோசிச்சுப் பாருங்க... வோடஃபோன் கொக்கியைக் கறுப்பு மையில வரைஞ்சாலும் அடையாளம் தெரியும். என் த்ரீ டி சமாசாரத்தை வரைஞ்சா, ஈ செத்துக்கிடக்கிற மாதிரி இருக்கும்!

கடைசியில ஒரே கலர். வெள்ளையில நீல எழுத்து, பேருக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். அவ்வளவுதான். எழுதி முடிச்சதும் அண்ணன் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்னு பார்த்தார். ரெண்டு பஸ் போற வரைக்கும் அங்கேயே நின்னார். அப்புறம் திரும்பி வந்து, பழைய ஆரஞ்சு தெரிஞ்ச ஓரத்தைக் காட்டி, ''அதை மட்டும் மறைக்காதீங்க''ன்னார்.

கடைப் பேரு என்னன்னு கேட்கிறீங்களா? அடுத்த தடவை பெருங்களத்தூர்ல இறங்கும்போது நீங்களே படிங்க. ஓடுற பஸ்ல இருந்தும் தெரியும்!