காட்டுப்பன்றியைச் சுடுவதற்குப் பெரிய ரைபிளில் இடத்தக்க குண்டு

காட்டுப்பன்றிகளால் நிலக்கடலை, மரவள்ளி, கரும்பு முதலிய பயிர்களுக்கு உண்டாகும் நஷ்டத்தை நிலமுடையோர் யாவரும் அறிவர். எனினும், 1972ஆம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரம் பெற்ற உத்தியோகஸ்தரின் எழுத்து மூலமான உத்தரவின்றி இப்பிராணியைச் சுடலாகாது. கேரளத்தில் 2022இல் உள்ளாட்சி மன்றத் தலைவர்களுக்கும் இவ்வதிகாரம் அளிக்கப்பட்டது. உத்தரவின்பேரில் சுட வருபவர் பெரும் பிராணிகளுக்கென அமைந்த ரைபிளைக் கொண்டுவருவாராயின், அதில் எவ்வகைக் குண்டை இடுவதென்பதை முன்னதாகவே தீர்மானித்தல் அவசியமாகும்.

லண்டன் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனியார் 1912இல் வெளியிட்ட .375 மாக்னம் தோட்டாவை உதாரணமாகக் கொள்வோம். இதன் குண்டு சுமார் 9.5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ளது. 235, 270, 300 கிரெயின் எடைகளில் வழங்குகிறது. 300 கிரெயின் குண்டு வினாடிக்குச் சுமார் 2,500 அடி வேகத்துடன் குழலினின்று வெளிப்படும். ஆப்பிரிக்க எருமையையே வீழ்த்தவல்ல இத்தோட்டாவுக்கு, அதனினும் பன்மடங்கு எடை குறைந்த பன்றியிடத்தில் பலக்குறைவு இல்லை. அப்பலம் எவ்விடத்தில் செலவாகிறது என்பதே கவனிக்கத்தக்கது.

முனைவரை கெட்டியான உலோக உறை மூடிய குண்டு உடலுள் விரிவதில்லை. சிறு துவாரமிட்டு மறுபுறம் வெளியேறிவிடும். அடிபட்ட பன்றி உடனே விழாமல் கரும்புக்குள் புகுந்து, மறுநாள் அறுப்புக்குச் செல்லும் ஆட்கள்மீது பாயக்கூடும். வெளியேறிய குண்டோ பெரும்பகுதி வேகத்துடன் அடுத்த நிலம்வரை செல்லும். ஆதலால் இவ்வகை பன்றிக்கு அறவே உதவாது.

ஈயமுனை வெளியே தெரியும் மென்முனைக் குண்டுகள் உடலுள் விரிந்து அகன்ற காயம் செய்வன. ஆயினும் இவற்றுள்ளும் பேதமுண்டு. எருமைக்கெனத் தடித்த உறையிட்டுச் செய்த 300 கிரெயின் குண்டு, பன்றியின் ஒடுங்கிய உடலில் போதிய தடையைக் காணாது, நன்கு விரியுமுன் கடந்துவிடக்கூடும். மெல்லிய உறையுள்ள இலேசான குண்டோ, ஆண்பன்றியின் தோளிலுள்ள தடித்த தோற்கேடயத்திலும் எலும்பிலும் பட்டுச் சிதறி, உள்ளுறுப்புகளை எட்டாது நின்றுவிடலாம்.

ஆகவே நடுத்தரப் பிராணிகளுக்கு 270 கிரெயின் எடையுள்ள சாதாரண மென்முனைக் குண்டே பொதுவில் ஏற்றது. 235 கிரெயின் குண்டை எடுப்பதாயின், உறையுடன் ஈயம் ஒட்டவைக்கப்பட்டதையோ, முழுதும் செம்பினால் ஆகி முனை விரிவதையோ தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டியின்மேல் எடை மாத்திரமேயன்றிக் குண்டின் வகையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டையும் பார்த்தே வாங்குதல் நலம்.

மேலும் அனுசரிக்க வேண்டியவை:

1. எடையும் வகையும் மாறினால் குண்டு படும் இடமும் மாறும். எக்குண்டால் சுடப்போகிறாரோ அதைக் கொண்டே, அனுமதிக்கப்பட்ட இடத்தில், இலக்குப் பலகையில் முன்னரே பரீட்சிக்க வேண்டும்.

2. கெட்டிமுனைக் குண்டை அராவி மென்முனையாக்க முயலுதல் பேரபாயம். ஈயம் மாத்திரம் வெளியேறி உறை குழலுள் தங்கினால், அடுத்த வேட்டில் குழல் வெடிக்கும்.

3. மென்முனைக் குண்டும் சிற்சில சமயம் உடலைக் கடந்து செல்லும். குறி தவறிய குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் சென்று கொல்லும். ஆதலால் பன்றிக்குப் பின்னால் மண்மேடு இருக்கும்படி பார்த்து, பரண்மீதிருந்து கீழ்நோக்கிச் சுடுவதே உத்தமம். மேட்டின்மேல் வானம் பின்னணியாக நிற்கும் பன்றியை விட்டுவிட வேண்டும்.

பக்கத்து நிலங்களில் காவலிருப்போருக்கும் நீர் பாய்ச்சுவோருக்கும் சுடும் நாளையும் நேரத்தையும் கிராம அதிகாரிகள் முன்கூட்டியே அறிவித்தல் வேண்டும். ஒரு போகத்துக் கடலை போயினும் மறுபோகத்தில் ஈடு செய்துகொள்ளலாம். மடையில் நின்றவன் உயிர் போயின் அதற்கு ஈடில்லை.